கீறல்கள் குடிவந்த கார்

பல் டாக்டரின் வெள்ளைக் காரில் இருந்த கீறல், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பானெட்டை விட்டு இறங்கி, பட்டறையின் ஈரத் தரையைக் கடந்து, வாசலில் நின்றிருந்த நீலக் காரின் கதவில் ஏறிக்கொண்டது. பார்த்தவர்கள் மூன்று பேர்: காருக்கு ஃபிலிம் ஒட்டுகிறவன், அவன் மனைவி, சும்மா பேசிக்கொண்டிருக்க வந்த பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர். மூவரும் பொய்யே பேசாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சர் கடைக்காரர் ஒரு ஓட்டையை இரண்டாக்கிக் காட்டக்கூடியவர். ஆனால் தனித்தனியாக விசாரித்தபோதும் மூவரும் ஒன்றையேதான் சொன்னார்கள். கீறல் ஒரு சாண் நீளம் இருந்தது. தண்ணீரில் போனபோதும் நனையவில்லை. டயர் பக்கத்தில் கொஞ்சம் தயங்கி நின்றது, பிறகு ஏறியது. அந்த வாரம் முட்டை விலை தாறுமாறாக ஏறியிருந்ததால், முதல் சில நாட்கள் ஊரில் யாரும் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஃபிலிம்காரன் என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர். ஆரம்பத்தில் சினிமாவில் சான்ஸ் கேட்டு இரண்டொருவர் வந்து ஏமாந்து போனதுண்டு. அவன் செய்தது வேறு வேலை. புதுக் காரின் பெயிண்ட் மேல், கண்ணுக்கே தெரியாத ஒரு தோலை ஒட்டிவிடுவான். கல் தெறித்தாலும், மரக்கிளை உரசினாலும், அடியை அந்தத் தோல் வாங்கிக்கொள்ளும், பெயிண்ட் தப்பித்துக்கொள்ளும். தோலில் விழுகிற மெல்லிய கீறலும் வெந்நீர் ஊற்றினால் மறைந்துவிடும். எப்படி மறைகிறது என்று கேட்டால், சூடு பட்டால் தானே சரியாகிவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதை அவனும் சொல்வான். மறைகிற கீறல் எங்கே போகிறது என்று அவர்களும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

தூசி என்றால் அவனுக்கு ஜென்ம விரோதி. பட்டறைத் தரை எப்போதும் நனைந்தே இருக்கும். கோடையிலும் ஃபேன் கிடையாது. கம்பளிச் சட்டை போட்டவர்களையும் வீட்டில் பூனை வளர்ப்பவர்களையும் வாசலோடு நிறுத்திவிடுவான். ஷீட்டுக்கு அடியில் முடி விழுந்துவிடக் கூடாது என்று தலையை மழித்து, கையை மழித்து, புருவத்தில் கைவைத்தபோதுதான் மனைவி சண்டை போட்டு அதை மட்டும் மீட்டாள். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஷீட்டை மிதக்கவிட்டு, ரப்பர் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வெளியேற்றி, கடைசியில் விளிம்பைச் சூடுகாட்டிக் கதவுக்கு உள்பக்கமாக மடித்துவிடுவான். அந்த மடிப்பை நகத்தால் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இத்தனை கார்களோடு வாழ்ந்தவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதுதான் ஊருக்குப் பெரிய வேடிக்கை. ஸ்டீயரிங்கில் கை வைத்தாலே இனிமேல் விழப்போகிற கீறலெல்லாம் கண் முன்னால் வந்துவிடுகிறது என்பான். அதனால் வந்த கார்களையெல்லாம் நியூட்ரலில் போட்டு, அவனும் பஞ்சர் கடைக்காரருமாக உள்ளே தள்ளுவார்கள், வெளியே தள்ளுவார்கள். தள்ளித் தள்ளியே அவனுக்குத் தோள் அகலமாகிவிட்டது.

அவன் மனைவி ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கட்டிய புருஷன் உட்பட எல்லோருக்கும் அவள் டீச்சர். அந்த நீலக் கார் அவளுடையது. வேண்டிய நீலம் வரும்வரை ஒரு வருஷம் காத்திருந்து வாங்கியது. ஓட்டுகிறவர் பக்கம் இருப்பது போலவே அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். வருஷக்கணக்காக அப்படியே இருந்து அந்தக் காலுக்கு ஓய்வு என்பதே மறந்துபோனது. தூக்கத்தில் "கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பிரேக் போடுவாள். அந்த உதையில் ஃபிலிம்காரனின் முழங்காலுக்குக் கீழே நிரந்தரமாக ஒரு காய்ப்பு. பஸ்ஸில் போனாலும் முன்சீட்டுக்காரரை உதைப்பாள். டாக்சியில் ஏறினால் டிரைவருக்குப் பாடம் எடுப்பாள். ஊரில் எந்த டாக்சிக்காரரும் அவளை ஏற்றுவதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். "நீங்க ஓட்டணும். நான் பக்கத்துல கால மடிச்சுப் போட்டுக்கிட்டு, ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துட்டு வரணும். ஒரே ஒரு தடவை போதும்." அவன் அடுத்த மாசம் என்றான். வருஷா வருஷம் அவன் பெயரில் பழகுநர் உரிமம் எடுத்துவைப்பாள். வருஷா வருஷம் அது அலமாரியிலேயே காலாவதியாகும். அவள் கோபித்துக்கொண்டதில்லை, ஆனால் கேட்பதை விட்டதும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே நீலக் காரில் கீறல்கள் பெருகிக்கொண்டுதான் இருந்தன. டீச்சர் தினமும் மதியம் சாப்பாட்டைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் காரை நிறுத்துவாள். இருவரும் ஸ்டூல் போட்டுச் சாப்பிடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் காரில் புதிதாக ஒரு கோடு இருக்கும். மாணவிகள் மேல் பழி போட்டாள். அவர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஃபிலிம் ஒட்டிவிடட்டுமா என்று அவன் கெஞ்சினான். கத்துக்குற வண்டிக்கு எதுக்குங்க அலங்காரம் என்று அவள் மறுத்துவிட்டாள். இப்படி ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான், பல் டாக்டரின் காரில் அவன் வெந்நீர்க் கெட்டிலைச் சாய்த்ததும், கீறல் எல்லோர் கண்ணெதிரிலும் இறங்கி நடந்தது.

டீச்சர் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டாள். "ஏங்க, அது போகுதுங்க! நடந்து போகுது பாருங்க!" ஃபிலிம்காரன் கெட்டிலைப் பிடித்தபடி நின்றான். "நான் தெளிவாத்தான் இருக்கேன், எனக்கும் தெரியுது" என்றார் பஞ்சர் கடைக்காரர், யாரும் கேட்காமலேயே. கீறல் கதவில் ஏறிப் படுத்ததும் டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, அந்த ரிட்டயர்டு நர்ஸம்மாவைப் போட்டு அந்தத் திட்டு திட்டினேனே! பாவம், அவங்க கேட்டுல இடிக்கவே இல்ல!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வழியாக வந்த, அவன் ஏற்கெனவே ஃபிலிம் ஒட்டியிருந்த தையற்காரரின் சிவப்புக் காரை மூவரும் கையை ஆட்டிக் கூச்சல் போட்டு நிறுத்தினார்கள். எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று பயந்து இறங்கியவரை ஒதுக்கி நிறுத்திவிட்டு, அவர் கார்க் கதவில் இருந்த இரண்டு கீறல்களில் வெந்நீர் ஊற்றினார்கள். இரண்டும் இறங்கின. ஒன்று வேகமாகப் போனது, மற்றது வாசற்படியில் நின்று வழி பார்த்துப் போனது. பஞ்சர் கடைக்காரர் கை தட்டினார். தையற்காரர் மட்டும் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் சொன்னவரும் பஞ்சர் கடைக்காரர்தான். கீறலுக்கும் குடியிருக்க ஒரு பெயிண்ட் வேண்டும். ஃபிலிம் ஒட்டிய காரில் அதற்குக் கால் ஊன்ற முடிவதில்லை. பக்கத்தில் ஒட்டாத கார் ஒன்று நிற்கும்போது, திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி நுழைந்துவிடுகிறது. இதைவிட நல்ல விளக்கம் பிறகும் யாரும் தரவில்லை.

முட்டை விலை இறங்கியதும் ஊர் திரண்டு வந்தது. மதியமானால் பட்டறை எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சைக்கிள் உரசிய கீறல் வளைந்து வளைந்து போகும். பூனைக் கீறல்கள் கூட்டமாகத்தான் இறங்கும், பிரிந்து போகாது. வன்மத்தில் சாவியால் கிழித்த கீறல் தலை குனிந்தபடி போகும் என்று சிலர் சொன்னார்கள். அது மிகை, கீறலுக்குத் தலை கிடையாது. தங்கள் காரிலிருந்து இறங்கியதை நீலக் காரில் தேடிப் பார்த்து, "இதோ நம்மது, பார்க்கிங்ல விழுந்தது" என்று உறவுக்காரர்களுக்குக் காட்டினார்கள். அடுத்த ஊரிலிருந்தெல்லாம் ஃபிலிம் ஒட்ட ஆட்கள் வந்தார்கள். டீச்சர் காரின் மேல் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கோட்டின் மேல் கோடு விழுந்து, சில வருஷங்களில் கார் முழுக்க வெள்ளியாக மின்னியது. அது நிற்கிற தெருவில் சாயங்காலம் விளக்குப் போட மறந்துபோவார்கள்.

அதனால் டீச்சருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, கொண்டாட்டம்தான். முன்பெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டீயரிங்கைத் தொடவே நடுங்குவார்கள். இப்போது காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். "இதுக்கு மேல என்ன ஆகப்போகுது?" என்று ஏறி உட்கார்ந்து, முதல் நாளே தெருவைத் தாண்டிவிடுவார்கள். திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்கிற ரொட்டிக் கடை அம்மா பாஸ் செய்தார். ரிட்டயர்டு நர்ஸம்மா பாஸ் செய்து, அன்றே சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் காரில் போய் இறங்கினார். அந்தக் கார் வந்தாலே சோதனை அதிகாரி உட்காராமலே கையெழுத்துப் போட்டார் என்பார்கள். தெருவெங்கும் பெண்கள் ஓட்டினார்கள். ஊருக்கே அந்த வருஷங்களில் ஒரு துள்ளல் வந்திருந்தது, நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

ஃபிலிம்காரன் மட்டும் உள்ளுக்குள் குமைந்தான். ஒருநாள் வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்ற காரைப் பார்த்து, "வாத்தியார் பிள்ளை மக்குங்கிறது சரியாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார். அது அவனுக்குத் தைத்துவிட்டது. ஊர்க் கார்களெல்லாம் பளபளவென்று ஓட, அவற்றின் காயமெல்லாம் தன் மனைவியின் கார்மேல் ஏறுவதா? அவளை அவன் உயிருக்கு உயிராக நேசித்தான். ஆனால் அன்பைக் காட்ட அவனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: எதையாவது கீறல் படாமல் மூடிவைப்பது. டீச்சர் தன் அக்காவுக்குக் குழந்தை பிறந்ததென்று வெளியூர் கிளம்பிய அன்றே, பெயிண்டரை வரச்சொன்னான்.

பெயிண்டர் தேய்க்கத் தேய்க்கக் கீறல்கள் இறங்கி வாசலில் நெருக்கியடித்து நின்றன. பெயிண்டரும் ஊர்க்காரர்தான், பதறவில்லை; நடக்க வழி விடச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அதே நீலம் அடித்துக் காய்ந்ததும், ஃபிலிம்காரன் கதவைச் சாத்திக்கொண்டான். வாழ்நாளில் அப்படி ஒரு வேலை அவன் செய்ததில்லை. கைப்பிடிக் குழி, கண்ணாடியின் முதுகு, பெட்ரோல் மூடியின் உள்பக்கம் என்று ஒரு இடம் விடவில்லை. சாப்பாடு மறந்தான், தும்மலை அடக்கினான். கடைசி விளிம்பை மடித்து முடித்ததும் தன் வேலையைத் தானே பார்த்து அழுதுவிட்டான். வெளியே நின்ற கீறல்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறிப் பார்த்தன, வழுக்கி விழுந்தன, மறுபடி ஏறிப் பார்த்தன. பிறகு தெருவில் இறங்கி ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டன.

டீச்சர் ஊரிலிருந்து வந்ததும், பட்டறையில் போர்வை போட்டு மூடியிருந்த காரின் முன்னால் அவளை நிற்கவைத்துப் போர்வையை இழுத்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசைப்பட்டு வாங்கிய அதே நீலம். சுற்றிச் சுற்றி வந்தாள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். பிறகு ஒரு அடி பின்னால் தள்ளி, தோளில் இருந்த பையை எங்கேயும் உரசிவிடாமல் தூரமாகக் கொண்டுபோய் வைத்தாள். அவனுக்கு அது சந்தோஷத்தில் செய்வதாகத்தான் பட்டது.

ஊரில் ஃபிலிம் ஒட்டாத கார் ஒன்றுகூட மிச்சமில்லை. வீடிழந்த கீறல்கள் சும்மா இருக்கவில்லை. கடிகாரக் கடைக்காரரின் மூக்குக் கண்ணாடியில் ஒன்று ஏறியது. சலூன் கண்ணாடியில் ஏறிய ஒன்று, முகம் மழிக்க வந்தவர்களைக் கன்னம் கிழிந்துவிட்டதென்று அலறவைத்தது. தியேட்டர் திரையில் கும்பலாகக் குடியேறியதில் எல்லாப் படத்திலும் மழை பெய்தது. அடுப்பில் காய்ச்சிய பால் மேல் ஒன்று நீட்டிப் படுத்துக்கொண்டது, ஆடையோடு எடுத்தாலும் போகவில்லை. பாட்டு டீச்சரின் குரலில் ஒன்று ஏறி, மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் சரக்கென்று இழுத்தது. ஒரு வியாழக்கிழமை வானத்திலேயே ஒரு கோடு தெரிந்தது. விமானம் போன தடம் என்றார்கள், ஆனால் அந்த ஊருக்கு மேலே விமானம் போவதில்லை. பெண்கள் கெட்டிலும் கையுமாகத் துரத்தினார்கள். வெந்நீர் பட்டால் கீறல் இறங்கி அடுத்த வீட்டுக்குப் போகும், அடுத்த வீட்டுக்காரர்கள் திருப்பித் துரத்துவார்கள். ஊரே மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது, சண்டை பாதி, சிரிப்பு பாதி.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். டீச்சர் கார்மேல் ஒட்டிய ஃபிலிமை எடுத்துவிட வேண்டும் என்று நகராட்சித் தலைவர் எழுந்து பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஃபிலிம்காரன் எழுந்தான். கூட்டத்தில் அவன் பேசியது அதுதான் முதல் தடவை. "அது என் பொண்டாட்டி வண்டிங்க. உங்க வண்டியத் தர்றேன்னு யாராவது சொல்லுங்க, அதுல இருந்து உரிச்சுத் தர்றேன்." ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அத்தோடு முடிந்தது.

அவளுடைய வகுப்பும் நின்றுபோயிருந்தது. பளபளக்கும் காரைப் பார்த்ததும் கற்றுக்கொள்ள வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள், ஏறியதும் உறைந்துபோனார்கள். கிளட்ச்சை விடச் சொன்னால் கண்ணீர் விட்டார்கள். இது அவனுக்குத் தெரியும்; புதுசுக்குப் பழக நாளாகும் என்று நினைத்துக்கொண்டான். ஒரு காலை வேளையில் பட்டறை கேட் பாதி அடைபட்டாற்போல் நிற்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். நீலக் கார் மூக்கைத் தெருவில் நீட்டியபடி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"கேட்டைத் தாண்ட முடியலங்க. ரெண்டு பக்கமும் இடிக்கிற மாதிரியே இருக்கு."

"இடம் தாராளமா இருக்கே."

"இருக்குன்னு தெரியுது. ஊருக்கே சொல்லிக் குடுத்தவ நான். இப்ப எனக்கே பயமா இருக்கு." அவனைப் பார்த்தாள். "உங்க பயம் எனக்கு வந்துடுச்சுங்க."

"உனக்காகத்தானே செஞ்சேன்?"

"நான் இதையா கேட்டேன்? பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்க்கணும்னுதானே கேட்டேன்."

அந்தக் கேட்டில் தலை வாரிக்கொண்டே ரிவர்ஸில் வருகிறவள் அவள். அவள் பயந்து அவன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். அவனுக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்ச் சூடுகாட்டும் மெஷினை எடுத்துவந்தான். தூசியிலும் வெயிலிலும் நடுத்தெருவில் நின்றுகொண்டு, பானெட் ஓரத்தில் தான் மடித்த விளிம்பைத் தானே தேடிப் பிடித்து இழுத்தான். புதுத் துணி கிழிக்கிற சத்தத்தோடு ஷீட் வந்தது. டீச்சர் எஞ்சினை அணைத்துவிட்டு, அவன் கதவோரத்தை உரிக்க வசதியாகத் தன் வழக்கமான பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

முதலில் எதிர் சலூனிலிருந்து ஒன்று வந்தது. தெருவைக் கடந்து, பானெட்டில் ஏறி, வழுக்காமல் நின்றது. அவ்வளவுதான், எப்படித்தான் செய்தி போனதோ! தியேட்டர் பக்கமிருந்து அரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தெரு முழுக்கக் கீறல்கள். சுவரில் இறங்கி, சாக்கடையைத் தாண்டி, நிற்கிற பஸ்ஸுக்கு அடியில் புகுந்து, குடை பிடித்தவர்களின் கால்களுக்கு நடுவே ஓடிவந்தன. அவற்றுக்குப் பின்னால் ஊரே ஓடிவந்தது. "அதோ நம்மது! அதோ, அந்த வளைஞ்சது!" என்று கத்தினார்கள். பாட்டு டீச்சர் மேல் ஸ்தாயியில் பாடிக்கொண்டே வந்தார், குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. கடிகாரக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கையில் உயர்த்திக் காட்டியபடி வந்தார். ஃபிலிம்காரன் ஒரு கதவை உரிக்க உரிக்க அந்தக் கதவு வெள்ளியாகிக்கொண்டே வந்தது. அவன் கை வேகம் பார்த்தவர்கள், ஒட்டும்போதுகூட அவன் அப்படி மகிழ்ச்சியாக இருந்ததில்லை என்கிறார்கள்.

இதற்குள் போக்குவரத்து பாலம்வரை நின்றுவிட்டது. டிராஃபிக் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். "யார் வண்டி இது? மொதல்ல எடுங்க!" ஃபிலிம்காரன் கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்திருந்த டிரைவர் கதவின் பக்கத்தில் நின்றிருந்தான். தனக்கு ஓட்டத் தெரியாது என்றான். "எல் போர்டு மாட்டியிருக்கு. டீச்சர் பக்கத்துலயே இருக்காங்க. அப்புறம் என்ன? ஏறுங்க சார்!" என்றார் போலீஸ்காரர். கூட்டம் முழுக்க டீச்சரின் மாணவிகள். ரொட்டிக் கடை அம்மா முதலில் குரல் கொடுத்தார், பிறகு தெருவே பாடம் நடத்தியது. "சீட்ட முன்னாடி இழுங்க!" "பெல்ட்டு!" "கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க!" பாடம் எடுக்க வேண்டியவள் மட்டும் வாயே திறக்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, சீட்டின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

அவன் ஏறினான். பானெட்டைப் பார்த்தான், அதில் இனி ஒரு கீறலுக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்டீயரிங்கில் கை வைத்தும் கண் முன்னால் எதுவும் வரவில்லை. வருஷக்கணக்காகத் தூக்கத்தில் அவள் சொன்ன பாடமெல்லாம் காதிலேயே இருந்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. கேட் தூணில் பின்கதவு கர்ரென்று நீளமாக உரசியது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவன் பயந்துபோய் மனைவியைப் பார்த்தான். அவள் ரொட்டிக் கடை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க கிளிக்கூண்டு இருக்குங்க! இத்தனை வருஷம் இந்தப் பக்கம் வர்றேன், பார்த்ததே இல்ல!" என்றாள். அவன் இரண்டாவது கியர் போட்டான். தெரு ஆர்ப்பரித்தது.

அன்று அவள் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடக் கூரைமேல் யாரோ சைக்கிளை ஏற்றிவைத்திருந்தார்கள். போஸ்டாபீஸ் சுவர் மஞ்சள் நிறம். ஆற்றில் தண்ணீர் ஓடியது, பாலத்தின் அடியில் இரண்டு பேர் கேரம் ஆடினார்கள். முதலில் மூச்சு விடாமல் சொன்னாள். கடைவீதி தாண்டியதும் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் பேச்சு நின்றது. அவன் ஓரக்கண்ணால் பார்த்தபோது, ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிப்போயிருந்தாள்.

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குலுங்காமல் நிறுத்துவது எப்படி என்று அவள் தூக்கத்தில் சொன்னதே இல்லை. ஆகவே அவன் நிறுத்தவில்லை. சிக்னலில் போலீஸ்காரர் பார்த்தார், உதட்டில் விரல் வைத்து, கையை உயர்த்தி மற்ற வண்டிகளை நிறுத்தினார். செய்தி முன்னால் போய்விட்டது. அந்த ஊரில் அன்று மதியத்துக்குமேல் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. தூரத்துத் தெருக்களிலிருந்து பிந்தி வந்த கீறல்கள், எப்படியும் பிடித்துவிடலாம் என்று சத்தமில்லாமல் பின்னாலேயே ஓடின. பாதசாரிகள் அவற்றை மிதிக்காமல் நின்று வழி கொடுத்தார்கள். அவன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினான், மறுபடி சுற்றினான், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். கண் கலங்கியது, ஆனால் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

வெயில் தாழும் நேரத்தில், ஊர் எல்லையில் ஒரு வெற்றுச் சாலையில், பெட்ரோல் தீர்ந்து கார் தானாகவே மெல்ல நின்றது. அங்கே ஒரு மரமோ கடையோ இல்லை, யாருக்கும் அங்கே எந்த வேலையும் இல்லை. டீச்சர் கண் விழித்தாள்.

"வந்துட்டோமா?" என்றாள்.

"வந்துட்டோம்" என்றான் அவன்.

பிந்தி வந்த கீறல்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறி முடிக்கும்வரை, இருவரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.